ஐம்பது அடி அதிகாரம்: கீனை ஆற்றங்கரையில் ஓர் உள்ளாட்சி

அலாஸ்காவின் கீனை ஆற்றில் சால்மன் பிடிக்கலாமா கூடாதா, பிடித்தால் எத்தனை, வலையா தூண்டிலா, எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் நிறுத்துவது? இதில் எதையும் சொல்லும் உரிமை அந்த ஆறு ஓடும் ஊரின் உள்ளாட்சிக்குக் கிடையாது. ஒரே ஒரு மீன் விஷயத்தில்கூடக் கிடையாது. அதற்கு மாநில மீன்வள வாரியம் இருக்கிறது, மாநில மீன்வளத் துறை இருக்கிறது, கடலில் இன்னும் தள்ளிப் போனால் மத்திய அரசு இருக்கிறது. கீனை பெனின்சுலா பரோ என்ற உள்ளாட்சியின் கையில் இருப்பது கரை மட்டும். அதிலும் தண்ணீர் விளிம்பிலிருந்து 50 அடி.

அந்த 50 அடியை வைத்துக்கொண்டு 1996 முதல் அது என்ன செய்தது, எங்கே சொதப்பியது என்பதைப் பார்ப்போம்.

முதலில் 'பரோ' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தையும் ஊராட்சியையும் சேர்த்துப் பிசைந்தது போன்ற அமைப்பு. கீனை பெனின்சுலா பரோ 1964இல் உருவானது. தலைமையிடம் சோல்டாட்னா. மேயர் ஒருவர், ஒன்பது பேர் கொண்ட மன்றம். சொத்து வரி, விற்பனை வரி, பள்ளிக்கூடம், சாலை, குப்பை, நில உபயோக விதி எல்லாம் இவர்கள் பொறுப்பு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 60,000ஐ எட்டவில்லை. அதற்குள்ளேயே கீனை, சோல்டாட்னா, ஹோமர், செவர்ட் எனத் தனித்தனி நகராட்சிகளும் உண்டு.

மீன் மீது உள்ளாட்சிக்கு அதிகாரம் இல்லாததற்கு ஒரு கதை இருக்கிறது. அலாஸ்கா மாநிலமாவதற்கு முன்பு சால்மனை நிர்வகித்தது வாஷிங்டனில் இருந்த மத்திய அரசு. மீன் டப்பா ஆலைகள் கரையோரம் பெரிய பெரிய மீன்பொறிகளைக் கட்டி வாரிக்கொண்டு போயின. ஆலை முதலாளிகள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். சால்மன் வரத்து சரிந்தது, உள்ளூர்க்காரர்களுக்குக் கோபம் ஏறியது. 1959இல் மாநிலமானபோது மீன்பொறிகளுக்குத் தடை வந்தது. மீன் எல்லார்க்கும் பொதுச் சொத்து, அதை வற்றாதபடி காக்கும் கடமை மாநிலத்தினுடையது என்று மாநில அரசியலமைப்பே எழுதிவைத்தது. ஆகவே மீன் மாநிலத்தின் கையில் இருப்பது அங்கே மக்கள் போராடி வாங்கிய ஏற்பாடு. உள்ளாட்சி அதில் கைவைக்க நினைப்பதுகூட இல்லை.

கரையில் நிற்பவனும் கரைக்கடியில் ஒளிவதும்

கீனை ஆறு 82 மைல், அதாவது சுமார் 132 கிலோமீட்டர். கீனை ஏரியில் புறப்பட்டு, ஸ்கிலாக் ஏரிக்குள் புகுந்து வெளியேறி, குக் இன்லெட் என்ற நீண்ட கடற்கழியில் கலக்கிறது. பனியாறு உருகி வரும் தண்ணீர் என்பதால் பச்சையும் நீலமும் கலந்த பால்நிறம். மேல்பகுதி பெரும்பாலும் அரசுக் காடும் வனவிலங்குச் சரணாலயமும். கீழ்ப்பகுதியில்தான் தனியார் மனைகள், தங்கும் விடுதிகள், படகுத்துறைகள். அலாஸ்காவின் மிகப் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து காரில் மூன்று மணி நேரம். ஜூலையில் மாநிலத்தில் பாதிப்பேர் இங்கே இருப்பது போல இருக்கும்.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன். இந்த ஆற்றில் பெயர் வாங்கிய சால்மன்கள் இரண்டு. ஒன்று சாக்கை, சிவப்புச் சால்மன். லட்சக்கணக்கில் வரும், நல்ல ஆண்டுகளில் 10 லட்சத்தைத் தாண்டும். இன்னொன்று கிங், சால்மன்களில் மிகப் பெரியது. 1985 மே 17 அன்று லெஸ் ஆண்டர்சன் என்ற சோல்டாட்னாக்காரர் இங்கே தூண்டிலில் பிடித்த கிங் 97 பவுண்டு 4 அவுன்ஸ், சுமார் 44 கிலோ. தூண்டிலில் பிடித்த கிங்கில் அதுதான் இன்றுவரை உலக சாதனை.

இந்த இரண்டு மீன்களின் வாழ்க்கையும் ஒரே இடத்தில், கரையில், முட்டிக்கொள்கின்றன. சிக்கலின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

எதிரேறி வரும் சாக்கை நடு ஆற்றின் வேகத்தோடு மல்லுக்கட்டாது. கரையை ஒட்டிய மெதுவான நீரில் ஊர்ந்து போகும். அதனால் தூண்டில்காரனுக்குப் படகு வேண்டாம், நீளமாக வீசவும் வேண்டாம். கரையில் நின்று, கால் நனைய இறங்கி, நாலு முழம் தள்ளிப் போட்டால் போதும். ஜூலையில் தோளோடு தோள் உரச வரிசை கட்டி நிற்பார்கள். ஒரே தடத்தில் நூறு பேர், மறுநாள் இன்னொரு நூறு பேர். புல் போகும், வேர் தெரியும், மண் சரியும், கரை ஓரடி உள்ளே போகும். அடுத்த ஆண்டு ஆட்கள் அந்த ஓரடி பின்னால் நிற்பார்கள்.

கிங் குஞ்சோ அந்தக் கரைக்கடியில்தான் வளர்கிறது. சாக்கைக் குஞ்சு ஏரிக்குப் போய்விடும். கிங் குஞ்சு அப்படியில்லை. முட்டையிலிருந்து வெளிவந்தபின் பெரும்பாலும் ஓராண்டு ஆற்றிலேயே தங்கும். விரல் நீளக் குஞ்சுக்கு நடு ஆறு எதிரி. கரையை ஒட்டிய சில அடி அகலத்தில், வில்லோப் புதர் நிழலில், தண்ணீருக்குள் தொங்கும் புல்லுக்குப் பின்னால், குடைந்துபோன கரைக்கடியில் ஒதுங்கி நிற்கும். மேலிருந்து விழும் பூச்சி அதற்குச் சாப்பாடு. வேர் போனால் மறைவு போகும், வேகத்தடை போகும், பூச்சியும் போகும். ஒருவன் இன்றைய சாக்கைக்காகக் காலூன்றும் இடம் நாளைய கிங்கின் தொட்டில். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் மீனியல் ஆய்வாளர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மனைக்காரர்கள் புல்வெளி போட்டதும், கரையைக் கல்லாலும் மரத்தாலும் நேராக்கிக் கட்டியதும் இதே சேதத்தின் வேறு வடிவங்கள்.

யாரையும் வில்லன் என்று சொல்ல முடியவில்லை பாருங்கள். தூண்டில்காரன் சட்டப்படிதான் பிடிக்கிறான். மனைக்காரர் தன் சொந்த இடத்தில்தான் புல் வெட்டுகிறார். மீன்வளத் துறை மீன்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது, ஆனால் மனையில் எங்கே வீடு கட்டலாம் என்று சொல்லும் வேலை அதனுடையதல்ல. அந்த இடைவெளியில்தான் பரோ நுழைந்தது.

1996: ஒரு விதி, ஒரு கவுன்ட்டர், கொஞ்சம் வரித் தள்ளுபடி

1996இல் மன்றம் கரைப் பாதுகாப்பு விதியை நிறைவேற்றியது. கீனை ஆற்றின் வழக்கமான உயர்நீர்க் கோட்டிலிருந்து 50 அடிக்குள் புதிதாகக் கட்டடம் எழுப்பக் கூடாது, செடிகொடியை மொட்டையடிக்கக் கூடாது, எரிபொருள் சேமிக்கக் கூடாது. ஏற்கெனவே இருந்த வீடுகளுக்கு விலக்கு. படிக்கட்டு, நடைமேடை போன்றவற்றுக்கு அனுமதி வாங்கிக் கட்டலாம். பிறகு 2000இல் வேறு சில ஆறுகளும் இதற்குள் வந்தன.

இதில் எனக்குப் பிடித்தது தடை அல்ல. தடை போடுவது எந்த மன்றத்துக்கும் எளிது. கூடவே செய்த மூன்று காரியங்கள்தான் விதியை நடைமுறையில் நிற்க வைத்தன.

முதலாவது, ஒரே கூரை. ஆற்றோரம் ஒரு படிக்கட்டு போட வேண்டும் என்றால் பரோ, மாநில மீன்வளத் துறை, மாநிலப் பூங்காத் துறை எனப் பல வாசல் ஏற வேண்டியிருந்தது. கீனை ஆறு 1984இலேயே மாநிலப் பூங்காத் துறையின் தனி மேலாண்மைப் பகுதியாகியிருந்தது. இந்த அலுவலகங்களை சோல்டாட்னாவில் ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் முன்னாள் மேயர் டொனால்ட் கில்மன் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ஒரு மனு, ஒரு கவுன்ட்டர். அனுமதி வாங்குவது திருட்டுத்தனமாகக் கட்டுவதைவிடச் சுலபமாக இருந்தால் மனிதன் அனுமதி வாங்குவான். அரசு அலுவலகத்தில் ஒரு முறையாவது அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, காசு. ஆற்று வாழிடத்தைக் காக்கும் வேலையைத் தன் மனையில் செய்தவருக்குச் சொத்து வரியில் ஒரு பகுதியைத் தள்ளிக்கொடுக்க மாநிலச் சட்டம் உள்ளாட்சிகளை அனுமதிக்கிறது. பரோ அதைப் பயன்படுத்தியது. இன்னொரு பக்கம், கரையைச் சீரமைக்கும் செலவில் பங்கு தரும் திட்டத்தை மாநில மீன்வளத் துறையும் மத்திய மீன், வனவிலங்கு அமைப்பும் நடத்தின. 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கொட்டியதற்காகக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்திலிருந்தும் கீனை ஆற்றங்கரை நிலங்கள் சில வாங்கப்பட்டன, சில கரைகள் சீராயின.

மூன்றாவது, மாற்று வழி. 'கரையில் நிற்காதே' என்றால் ஜூலையில் யார் கேட்பார்கள்? 'இதன்மேல் நில்' என்று ஒன்றைக் காட்ட வேண்டும். அதுதான் கம்பித்தட்டு நடைமேடை.

அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அலுமினியம் அல்லது கண்ணாடியிழையில் செய்த கட்டம் கட்டமான தட்டு. தரையிலிருந்து தூக்கி, தூண்கள்மேல் வைத்திருப்பார்கள். பலகையாக இருந்தால் அடியில் இருட்டு, புல் செத்துவிடும். இதில் வெயிலும் மழையும் கட்டம் வழியாகக் கீழே இறங்கும். கோடை நடுவில் பார்த்தால் தட்டின் ஓட்டைகள் வழியாகப் புல் தலைநீட்டி நிற்கும். ஆட்கள் அதன்மேல் நடந்துபோய், ஆங்காங்கே உள்ள படியில் இறங்கி நேராகத் தண்ணீருக்குள் நிற்பார்கள். மண்ணில் கால் படாது. பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. சாக்கடை மூடியைத் தூக்கி நடைபாதையாகப் போட்டது போலத்தான் இருக்கும். ஆனால் தூண்டில்காரன், புல், குஞ்சு மூவருக்கும் ஒரே இடத்தில் இடம் கொடுத்தது அது. சோல்டாட்னா நகராட்சி தன் ஆற்றோரப் பூங்காக்களில் இதை நீளமாகப் போட்டது, மனைக்காரர்களும் போட்டார்கள்.

அரித்துப்போன கரையைத் திருப்பிக் கட்டும் முறையும் அப்படித்தான். கான்கிரீட் இல்லை. வெட்டிய ஸ்ப்ரூஸ் மரங்களைக் கரையோரம் கிடத்திக் கம்பிவடத்தால் கட்டுவார்கள், வேகம் குறைந்து வண்டல் படியும். வில்லோக் கம்புகளைக் கட்டுக் கட்டாக நட்டு வைப்பார்கள், அது முருங்கைப் போத்து மாதிரி துளிர்க்கும். அப்புறம் தேங்காய் நார் உருளைகள். தென்னையைக் கண்ணால் காணாத ஊரில் கரை காப்பது தேங்காய் நார்! செடி வேர் பிடிக்கும்வரை மண்ணைப் பிடித்துவைத்து, பிறகு தானே மட்கிப்போகும்.

2011: வரைபடம் முந்தியது, ஆட்கள் பிந்தினார்கள்

பதினைந்து ஆண்டு நன்றாக ஓடியது. 2011இல் மன்றம் ஒரே எட்டில் பாதுகாப்பை விரித்தது. மாநில மீன்வளத் துறை வைத்திருக்கும் 'கடலிலிருந்து மீன் ஏறும் நீர்நிலைகள்' பட்டியலில் பரோவுக்குள் வரும் அத்தனையும் இனி 50 அடி விதிக்குள். நூற்றுக்கணக்கான ஓடைகள், கூடவே ஏரிகள்.

மீனியல்படி சரிதான். கோஹோ சால்மன் குஞ்சு தாண்டிக் குதிக்கும் அளவு ஓடையில்கூட ஓராண்டு ஈராண்டு வளரும். பெரிய ஆற்றை மட்டும் காத்துவிட்டுக் கிளைகளை விடுவது மரத்துக்கு வேலி போட்டு வேரை வெட்டுவதற்குச் சமம்.

ஆனால் ஏரிக்கரையில் வீடு வைத்திருந்தவர்கள் 2012, 2013இல் மன்றக் கூட்டத்துக்குத் திரண்டு வந்தார்கள். எங்களுக்கு முன்னறிவிப்புக் கடிதமே வரவில்லை என்பது முதல் புகார். எங்கள் ஏரியில் யாரும் சாக்கை பிடிக்க வரிசை கட்டவில்லை, கீனை ஆற்றின் நோய்க்கு எங்களுக்கு ஏன் மருந்து என்பது இரண்டாவது. ஏரியில் இறங்கும் சிறு விமானத்தைக் கட்டும் துறை, வெகுநாளாக இருக்கும் புல்வெளி, வண்டு அரித்த மரம், இதற்கெல்லாம் இனி பரோவிடம் கைகட்டி நிற்க வேண்டுமா? வண்டு விஷயம் சின்னதல்ல. 1990களில் ஸ்ப்ரூஸ் பட்டை வண்டு கீனைத் தீபகற்பத்தில் சுமார் 10 லட்சம் ஏக்கர் காட்டைக் காயவைத்த நினைவு அவர்களுக்கு இருந்தது. காய்ந்த மரம் வீட்டருகே நின்றால் தீப்பிடிக்குமோ என்ற பயம் நியாயமானது.

அப்போது மேயராக இருந்த மைக் நவாரே பணிக்குழு ஒன்றை அமைத்தார். கூட்டம் மேல் கூட்டம். விதியையே ரத்து செய்யச் சொன்ன குரலும் மன்றத்துக்குள் வந்தது. கடைசியில் 2013இல் திருத்தங்கள் வந்தன, 50 அடி மட்டும் நின்றது.

என் பார்வையில் இது பரோவின் தவறு. அறிவியலில் தவறில்லை, முறையில் தவறு. 1996இல் அவர்கள் ஒரே ஆற்றை எடுத்தார்கள். அந்த ஆற்றின் கரை சரிவதை எல்லாரும் கண்ணால் பார்த்திருந்தார்கள், மாற்று வழியும் கையில் இருந்தது. 2011இல் கையில் இருந்தது ஒரு பட்டியல். தன் வீட்டுப் பின்னால் ஓடும் ஓடையில் குஞ்சு இருக்கிறது என்பதே பலருக்கு விதி வந்தபிறகுதான் தெரிந்தது. ஒரு வாளியில் நாலு கோஹோக் குஞ்சைப் பிடித்து 'இது உங்கள் ஓடையில் இருந்தது' என்று காட்டியிருந்தால் பாதிக் கூட்டம் அங்கேயே கலைந்திருக்கும் என்று தோன்றுகிறது.

கடற்கரைக் குப்பையை அள்ளுவது யார்?

பரோவுக்குள் இருக்கும் கீனை நகராட்சியின் சங்கடம் வேறு மாதிரி. சுமார் 7,400 பேர் வாழும் ஊர், ஆறு கடலில் சேரும் இடம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10 முதல் 31 வரை அலாஸ்கா வாசிகள் வீட்டுத் தேவைக்குக் கைவலை போட மாநிலம் அனுமதிக்கிறது. குடும்பத் தலைவருக்கு 25 மீன், மற்ற ஒவ்வொருவருக்கும் 10. பெரிய வளையம் கட்டிய வலையை நீளக் கழியில் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். நாலு பேர் குடும்பத்துக்கு 55 சாக்கை என்றால் குளிர்காலம் முழுக்க ஃப்ரீசர் நிறையும்.

அனுமதி கொடுப்பது மாநிலம். கார் நிறுத்த இடம், கழிப்பறை, குப்பைத்தொட்டி, காவலர் எல்லாம் நகராட்சி தலையில். மணல்மேட்டுப் புல்லை மிதிக்காமலிருக்க வேலி போடுவதும் அவர்களே. ஆட்கள் மீனை அங்கேயே அறுத்துத் தலையையும் குடலையும் கரையில் விடுவார்கள். கடற்பறவைக் கூட்டமும் நாற்றமும் சேர்ந்து வரும். நகராட்சி டிராக்டரில் பெரிய வாரியைப் பூட்டி, கழிவை நீர்விளிம்புக்கு இழுத்துத் தள்ளும். குக் இன்லெட்டின் ஏற்றவற்றம் இருபது அடிக்கும் மேல் போகக்கூடியது, மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும். செலவுக்கு வாகன நிறுத்தக் கட்டணமும் முகாம் கட்டணமும். மீன் ஒதுக்கீட்டில் வாக்கு இல்லாத ஊர், மீன்குடலை அள்ளும் ஊர்.

இந்த மனக்குறை மீன்வள வாரியக் கூட்டத்திலும் வெளிப்படும். மேல் குக் இன்லெட் மீன்பிடி விதிகளை வாரியம் விவாதிக்கும் கூட்டத்தை எங்கள் ஊரில் நடத்துங்கள் என்று பரோவும் நகராட்சிகளும் பலமுறை கேட்டுவிட்டன. கூட்டம் பெரும்பாலும் ஆங்கரேஜிலேயே நடந்திருக்கிறது. வலைக்காரர் வேலையைப் போட்டுவிட்டு, விடுதி எடுத்து, இரண்டு வாரம் அங்கே உட்கார வேண்டும்.

வடக்கே இன்னொரு பரோ

அதே கடற்கழியின் வடக்கு முனையில் மடனுஸ்கா-சுசிட்னா பரோ இருக்கிறது, சுருக்கமாக மேட்-சூ. அங்கே பாணி வேறு. வீடு நீர்நிலையிலிருந்து 75 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று விதி, ஆனால் இடையில் உள்ள செடிகொடியைப் பற்றிப் பேச்சில்லை. பதிலுக்கு அவர்கள் சாலையைப் பார்த்தார்கள். ஓடை சாலையைக் கடக்கும் இடத்தில் ஒல்லியான கல்வர்ட் குழாய் போட்டால் தண்ணீர் பீய்ச்சும், குழாயின் வாய் தரையிலிருந்து ஒரு முழம் மேலே தொங்கும், குஞ்சால் ஏற முடியாது. மத்திய, மாநிலத் துறைகளோடு சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட குழாய்களை மாற்றினார்கள். ஓடையின் அகலத்துக்குக் குழாய், உள்ளே ஓடையின் கல்லும் மணலும். சாலை பரோவுடையது என்பதால் எந்த வீட்டுக்காரரும் சண்டைக்கு வரவில்லை. வெள்ளத்தில் பெரிய குழாய் சாலையையும் காக்கிறது, அதனால் பொறியாளருக்கும் மகிழ்ச்சி.

மேட்-சூ தனக்கென ஒரு மீன், வனவிலங்கு ஆணையமும் வைத்திருக்கிறது. கடலில் வணிக வலைகள் எங்கள் ஆற்று மீனை வழியிலேயே அள்ளிவிடுகின்றன என்று மீன்வள வாரியத்தில் வாதாடுவது அதன் முக்கிய வேலை. கீனை பரோவால் அப்படி ஒரு பக்கம் சாய முடியாது. வணிக வலைக்காரரும் தூண்டில் வழிகாட்டியும் கைவலைக் குடும்பமும் அங்கே ஒரே வரிப் பட்டியலில் இருக்கிறார்கள்.

கிங் திரும்பவில்லை

இவ்வளவும் செய்து கிங் பெருகியதா என்றால், இல்லை. கீனையில் பருவத்தின் பிற்பகுதியில் ஏறும் கிங் பல ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருகிறது. 2023இல் கிங்கைக் காப்பாற்றுவதற்காகக் கரையோர நட்டுவலைக்காரர்களின் பருவம் முழுதும் மூடப்பட்டது. அவர்கள் பிடிப்பது சாக்கை, ஆனால் வலையில் கிங்கும் மாட்டும். 2024இல் வாரியம் அந்தக் கிங்கை 'கவலைக்குரிய இருப்பு' என்று அறிவித்தது. அந்த ஆண்டும் எண்ணிக்கை இலக்குக்கு வெகு கீழே. அதே ஆற்றில் அதே ஆண்டுகளில் சாக்கை இலக்கைத் தாண்டி ஏறியது. வலைக்காரர் வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சாக்கை போவதைப் பார்த்தார்.

அப்படியானால் 50 அடி வீணா? அப்படிக் கணக்குப் போடுவது தப்பு என்பேன். கிங் தேய்வது கீனையில் மட்டுமல்ல. மனை விற்பனை அவ்வளவாக இல்லாத, கரை பெரும்பாலும் மிதிபடாத யூகான் போன்ற அலாஸ்கா ஆறுகளிலும் கிங் குறைந்திருக்கிறது, திரும்பும் மீன் சிறுத்திருக்கிறது. அதற்கான காரணத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் கடலில் தேடுகிறார்கள். ஆறுகளும் சூடாகின்றன. 2019 ஜூலையில் மேட்-சூவின் டெஷ்கா ஆறு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, சால்மனுக்கு 20 டிகிரியே ஆபத்து. இதில் எதுவும் பரோ மன்றத்தின் மேசைக்கு வரும் விஷயம் அல்ல. மேசைக்கு வருவது நிழலும் வேரும். திரும்பிவரும் கொஞ்சக் கிங் இடும் முட்டைக்கும் ஓராண்டு தங்க இடம் வேண்டுமே.

லெஸ் ஆண்டர்சனின் மீனைப் பாடம் செய்து சோல்டாட்னா பார்வையாளர் மையத்தில் வைத்திருக்கிறார்கள். ஆற்றுப் பாலத்தை ஒட்டிய கட்டடம் அது. பின்வாசல் பக்கம் நடைமேடை ஆற்றுக்கு இறங்குகிறது. ஜூலையில் உள்ளே வருபவர்கள் கண்ணாடிக்குள் இருக்கும் அந்த 97 பவுண்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, வெளியே போய்க் கம்பித்தட்டில் நடந்து, படியில் இறங்கி, சாக்கைக்குத் தூண்டில் போடுகிறார்கள்.